ஒரு என்ஹான்சரை எந்தக் கருவில் சோதிப்பது?

சிலர் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இன்னொரு விரலோடு பிறக்கிறார்கள். சில குடும்பங்களில் இது தலைமுறை தலைமுறையாக வரும். காரணத்தைத் தேடிப் போனவர்களுக்கு 2003-ல் ஒரு விடை கிடைத்தது. விரல்களின் எண்ணிக்கையையும் வரிசையையும் அமைப்பது சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற மரபணு. அதில் எந்தக் குறையும் இல்லை. அதிலிருந்து ஏறக்குறைய பத்து லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் தள்ளி, வேறொரு மரபணுவின் நடுவே ஒரு சிறு டி.என்.ஏ. துண்டு இருக்கிறது. அதில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்தத் துண்டின் பெயர் இசட்.ஆர்.எஸ். கருவில் கை முளைக்கும் மொட்டில், சுண்டுவிரல் வரப்போகும் பக்கத்தில் மட்டும் சோனிக் ஹெட்ஜ்ஹாக்கை இயக்குவது அதன் வேலை. எழுத்து மாறியதும் கட்டைவிரல் பக்கத்திலும் இயக்கிவிடுகிறது. அங்கே ஒரு விரல் கூடுதலாக முளைக்கிறது.

இப்படித் தொலைவிலிருந்து மரபணுவை இயக்கும் துண்டுதான் என்ஹான்சர். அப்படி ஒன்று உங்கள் கைக்கும் வந்து சேரலாம். ஒரு குழந்தையின் டி.என்.ஏ.வை முழுவதும் படித்ததில், மரபணுக்களுக்கு வெளியே ஒரு மாற்றம் கண்ணில் பட்டிருக்கும். அல்லது மனிதன், கோழி, மீன் மூன்றிலும் மாறாமல் நிற்கும் ஐந்நூறு எழுத்துகளைக் கணினி எடுத்துக் காட்டியிருக்கும். அந்தத் துண்டு எந்தத் திசுவில், எந்த நாளில் மரபணுவை இயக்குகிறது என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு கரு வேண்டும். சுண்டெலியா, வரிக்குதிரை மீனா, கோழியா, பழ ஈயா?

ஆய்வு மாணவர் ஒருவரின் இரண்டு மூன்று ஆண்டுகள் இந்த முடிவைப் பொறுத்து நகரும். ஆனால் பல ஆய்வகங்களில் இந்த முடிவை யாரும் உட்கார்ந்து எடுப்பதில்லை. கட்டடத்தில் எந்த விலங்கு ஏற்கெனவே வளர்கிறதோ அதிலேயே சோதனை தொடங்கிவிடுகிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். கேள்வியை ஒரு தாளில் எழுதி வைத்த பிறகுதான் விலங்கின் பக்கம் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று விளக்குகிறேன்.

துண்டு என்ன செய்கிறது?

நம் செல்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஒரே டி.என்.ஏ.தான். புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. கல்லீரல் செல்லும் நரம்புச் செல்லும் வேறுபடுவது, அவற்றில் எவை இயங்குகின்றன, எவை அடங்கிக் கிடக்கின்றன என்பதில். மரபணுவின் வாசலில் ப்ரொமோட்டர் இருக்கிறது. படியெடுக்கும் நொதி வந்து உட்காரும் இடம் அது. ஆனால் எந்தத் திசுவில் படியெடுப்பது என்ற தீர்ப்பு பெரும்பாலும் தொலைவில் இருக்கும் என்ஹான்சர்களிடமிருந்து வருகிறது. 1981-ல் வால்டர் ஷாஃப்னரின் குழு எஸ்.வி.40 வைரஸிலிருந்து எடுத்த 72 எழுத்து மீள்வரிசையை ஒரு குளோபின் மரபணுவோடு இணைத்தபோது, அதன் இயக்கம் சுமார் 200 மடங்கு கூடியது. அந்த வரிசையை மரபணுவுக்கு முன்னால் வைத்தாலும் பின்னால் வைத்தாலும், தலைகீழாகத் திருப்பி வைத்தாலும், ஆயிரக்கணக்கான எழுத்துகள் தள்ளி வைத்தாலும் வேலை செய்தது.

இந்தக் குணம்தான் நம் சோதனைக்கே அடிப்படை. துண்டை அதன் வீட்டிலிருந்து வெட்டி எடுத்து, பலவீனமான ஒரு ப்ரொமோட்டரோடும் நிறம் காட்டும் ஒரு ரிப்போர்ட்டர் மரபணுவோடும் ஒட்டி, கருவுக்குள் செலுத்தலாம். துண்டு எங்கே உயிர் பெறுகிறதோ அங்கே நிறம் வரும்.

உயிர் பெறுவது எப்படி? பழ ஈயின் கருவில் ஈவன்-ஸ்கிப்ட் என்ற மரபணு ஏழு பட்டைகளாக இயங்கும். இரண்டாவது பட்டைக்கென்று தனியாக 480 எழுத்து நீளத்தில் ஓர் என்ஹான்சர் உண்டு. பைகாய்ட், ஹன்ச்பேக் என்ற படியெடுத்தல் காரணிகள், அதாவது டி.என்.ஏ.வில் ஒட்டும் புரதங்கள், அதில் ஒட்டி மரபணுவை எழுப்புகின்றன. ஜயன்ட் முன்பக்க எல்லையிலும் குருப்பல் பின்பக்க எல்லையிலும் அதை அடக்குகின்றன. எழுப்புகிறவை இருந்து, அடக்குகிறவை இல்லாத சில வரிசைச் செல்களில் மட்டும் பட்டை தோன்றும். ஒரு செல்லுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது இந்தக் காரணிகளின் கூட்டணி மூலமாகத்தான் தெரிகிறது. அதனால்தான், வளர்ப்புத் தட்டில் கிடக்கும் செல் வகையை மட்டும் நம்பி "இது வேலை செய்யவில்லை" என்று துண்டைத் தூக்கிப் போடக்கூடாது. தட்டில் முன்பக்கமும் கிடையாது, பின்பக்கமும் கிடையாது.

இரண்டு கேள்விகள்

விலங்குக்கு வருவதற்கு முன் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "இந்தத் துண்டால் மரபணுவை இயக்க முடியுமா?" என்பது ஒரு கேள்வி. "இந்தத் துண்டு இல்லாவிட்டால் உறுப்பு கெடுமா?" என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு ரிப்போர்ட்டர் சோதனை போதும். இரண்டாவதற்கு, டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் கருவியைக் கொண்டு துண்டை அதன் சொந்த இடத்திலிருந்தே நீக்கிப் பார்க்க வேண்டும். ஒன்றுக்கான விடையை மற்றதற்கான விடையாக எழுதிவிடுவது இந்தத் துறையில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு. கருவின் இதயம் நீலமாகிவிட்டது என்பதற்காக அந்தத் துண்டு இல்லாமல் இதயம் வளராது என்று ஆகாது.

நீக்கிப் பார்ப்பதைப் பிறகு பேசுவோம். முதலில் நிறம் காட்டும் சோதனை.

சுண்டெலி

மனிதத் துண்டுக்குச் சுண்டெலியே நம்பகமான கரு என்ற பெயர் சும்மா வரவில்லை. 2006-ல் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த குழு, உயிரினங்களிடையே மாறாமல் நிற்கும் 167 மனிதத் துண்டுகளை எடுத்துச் சுண்டெலிக் கருக்களில் செலுத்தியது. 11.5 நாள் வயதில் பார்த்தபோது அவற்றில் 45 சதவீதம் ஏதோ ஒரு திசுவில் ரிப்போர்ட்டரைத் திட்டவட்டமாக இயக்கின. அந்த வேலை விஸ்டா என்ற பொதுத் தரவுத்தளமாக வளர்ந்து நிற்கிறது. உங்கள் துண்டை யாராவது ஏற்கெனவே சோதித்திருக்கிறார்களா என்று அங்கே தேடிப் பார்ப்பது முதல் நாள் வேலை. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதைச் செய்யாமல் ஆறு மாதம் உழைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய முறையில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. கருமுட்டைக்குள் ஊசியால் செலுத்தும் டி.என்.ஏ. எந்தக் குரோமோசோமில், எத்தனை பிரதிகளாகப் போய் ஒட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்தில் இருக்கும் வேறொரு என்ஹான்சரின் தாக்கத்தால் சம்பந்தமே இல்லாத இடத்தில் நிறம் வரும். அதனால்தான், தனித்தனியாக உருவான குறைந்தது மூன்று கருக்களிலாவது அதே இடத்தில் நிறம் தெரிந்தால்தான் கணக்கில் எடுப்பது என்ற விதி வந்தது. ஒரு துண்டு எங்கே இயங்குகிறது என்று தெரிந்துகொள்ள இந்த முறை போதும். ஓர் எழுத்து மாறினால் இயக்கம் கூடுகிறதா குறைகிறதா என்று கேட்டால் பதில் வராது. ஒரு கருவில் இரண்டு பிரதி, இன்னொன்றில் இருபது பிரதி என்றால் எதை எதோடு ஒப்பிடுவது?

இந்தக் குறையை 2020-ல் எவ்கெனி க்வோனும் சக ஆய்வாளர்களும் பெருமளவு தீர்த்தார்கள். கிரிஸ்பர் கொண்டு ரிப்போர்ட்டரை எப்போதும் ஹெச்11 என்ற ஒரே பாதுகாப்பான இடத்தில், ஒரே பிரதியாக வைக்கும் வழி அது. கிடைக்கும் கருக்களில் ஏறக்குறைய பாதியில் ரிப்போர்ட்டர் சரியான இடத்தில் இருக்கிறது. பழைய முறையோடு ஒப்பிட்டால் இது பெரிய தாவல். அவர்கள் அதைக் கொண்டு, கூடுதல் விரலோடு தொடர்புபடுத்தப்பட்டிருந்த இசட்.ஆர்.எஸ். மாற்றங்களைச் சோதித்தார்கள். பெரும்பாலானவை என்ஹான்சரின் இயக்கத்தை உண்மையிலேயே மாற்றின. சில எதையும் மாற்றவில்லை. ஒரு குடும்பத்திடம் "இந்த எழுத்துதான் காரணம்" என்று சொல்வதற்கு முன்னால் இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்று நினைத்துப் பாருங்கள்.

சுண்டெலியின் விலை நேரத்திலும் கைத்திறனிலும் இருக்கிறது. கருமுட்டையில் ஊசி போடத் தேர்ந்த கை வேண்டும், வாடகைத் தாய் எலிகள் வேண்டும், நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். கரு தாயின் வயிற்றுக்குள் இருப்பதால், ஒவ்வொரு முறை பார்ப்பதற்கும் ஒரு தாயையும் அதன் கருக்களையும் இழக்கிறோம். ஒரு கருவிடம் ஒரே ஒரு நாளின் படம்தான் கிடைக்கும்.

வரிக்குதிரை மீன்

தாய் வயிற்றுக்கு வெளியே, கண்ணாடி போன்ற தெளிவோடு வளரும் கரு இது. ஒரு ஜோடி மீன் ஒரு காலையில் இருநூறு முட்டைகள்கூட இடும். 24 மணி நேரத்தில் உடலின் அடிப்படை வடிவம் வந்து இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். மெடாகா என்ற மீனிலிருந்து எடுத்த, குரோமோசோமுக்குள் தாவி ஒட்டிக்கொள்ளும் டோல்2 டிரான்ஸ்போசானோடு துண்டைச் சேர்த்து ஒற்றைச் செல் நிலையில் செலுத்தினால், அடுத்த நாளே பச்சை ஒளி தெரியும். அதே கருவை நாளையும் பார்க்கலாம், நாளை மறுநாளும் பார்க்கலாம். பத்துத் துண்டுகளில் எது உயிருள்ளது என்று சலித்து எடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மனிதத் துண்டு மீனில் வேலை செய்யுமா என்பதுதான் உடனே எழும் சந்தேகம். நம் மூதாதையும் மீனின் மூதாதையும் பிரிந்து ஏறக்குறைய 45 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் 2006-ல் ஷானன் ஃபிஷரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவு இந்தச் சந்தேகத்தை நன்றாகவே அசைத்தது. ரெட் என்ற மரபணுவின் அருகிலிருந்து எடுத்த மனிதத் துண்டுகளுக்கும் மீனின் டி.என்.ஏ.வுக்கும் எழுத்து வரிசையில் ஒற்றுமையே இல்லை. இருந்தும் அவற்றில் பெரும்பாலானவை மீன் கருவில், ரெட் இயங்க வேண்டிய செல்களிலேயே இயங்கின. வாக்கியம் மாறிப்போனாலும் அதைப் படிக்கும் காரணிகள் இரண்டு இனத்திலும் ஒன்றே.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு எச்சரிக்கை. மீனில் நிறம் வந்தால் அதை நம்பலாம். வராவிட்டால் அதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. மீனுக்கு நுரையீரல் இல்லை, பால் சுரப்பி இல்லை, நம்முடையதைப் போன்ற ஆறடுக்குப் பெருமூளைப் புறணி இல்லை. அந்தத் திசுக்களுக்கான துண்டை அங்கே சோதிப்பது, கேட்க ஆளில்லாத வீட்டில் கதவைத் தட்டுவது போல. இன்னொன்று, முதல் தலைமுறைக் கருக்கள் மோசைக் தன்மையுள்ளவை. டி.என்.ஏ. எல்லாச் செல்லிலும் போய்ச் சேராது. அதனால் ஒரு துண்டுக்கு நூறு கருக்களையாவது எண்ணி, எத்தனையில் எந்தத் திசு ஒளிர்ந்தது என்று கணக்கு வைக்க வேண்டும். அல்லது அவற்றை வளர்த்து அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டும். அதற்கு மூன்று மாதம் பொறுமை வேண்டும்.

எழுத்து மாற்றத்தைச் சோதிக்கவும் மீனில் ஓர் அழகான உத்தி உண்டு. இயல்பான துண்டைப் பச்சை ரிப்போர்ட்டரோடும் மாறிய துண்டைச் சிவப்பு ரிப்போர்ட்டரோடும் இணைத்து ஒரே கருவில் வைத்துவிடலாம். இரண்டு நிறமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் மாற்றத்தால் பாதிப்பில்லை. ஏதாவது ஒரு மூலையில் சிவப்பு மட்டும் காணாமல் போனால் விஷயம் அங்கே இருக்கிறது. நிறங்களை இடம் மாற்றியும் ஒருமுறை செய்துவிடுங்கள். சிவப்புப் புரதம் மெதுவாக முதிர்வதை மாற்றத்தின் விளைவு என்று தவறாகப் படித்துவிடக் கூடாது.

கோழி

கோழிக்கருவைப் பற்றி எழுதும்போது என் சார்பு தெரியத்தான் செய்யும். முட்டை ஓட்டில் ஒரு சிறு ஜன்னல் வெட்டி உள்ளே பார்த்தால், இரண்டாம் நாளில் இதயம் துடிப்பது தெரியும். முதல்முறை அதைப் பார்த்த யாரும் அந்த நாளை மறப்பதில்லை.

இந்தச் சோதனைக்குத் தேவைப்படும் கருவிகள் மிகக் குறைவு. அடைகாக்கும் பெட்டி, நுண்ணோக்கி, மெல்லிய கண்ணாடி ஊசி, மின்துடிப்பு தரும் ஒரு பெட்டி. நரம்புக்குழலின் உள்ளே டி.என்.ஏ. கரைசலை நிரப்பி, இருபக்கமும் மின்முனைகளை வைத்து, 20 வோல்ட் அளவில் சில துடிப்புகள் கொடுத்தால் போதும். டி.என்.ஏ. எதிர்மின்சுமை உள்ளது என்பதால் நேர்முனை இருக்கும் பக்கத்துச் செல்களுக்குள் மட்டும் நுழையும். மறுபக்கம் தொடப்படாமல் அப்படியே இருக்கும். ஒரே கருவிலேயே சோதனையும் ஒப்பீடும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கிறது. இந்த வசதி வேறு எந்தக் கருவிலும் இவ்வளவு எளிதாக அமைவதில்லை. சில மணி நேரத்தில் ஒளி தெரியத் தொடங்கும். ஹாம்பர்கரும் ஹாமில்டனும் 1951-ல் வகுத்த 46 நிலைகளின் அட்டவணை இருப்பதால், உலகின் எந்த மூலையில் செய்தாலும் ஒரே நிலையைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பதில் ஐயமில்லை.

இதன் வலிமைக்கு நல்ல சான்று சாக்ஸ்2 மரபணு. ஹிசாடோ கோண்டோவின் குழு 2003-ல் அந்த மரபணுவைச் சுற்றியிருக்கும் சுமார் 50,000 எழுத்துகளைத் துண்டு துண்டாக வெட்டிக் கோழிக்கருக்களில் சோதித்தது. எதிர்பார்த்தது நரம்புத் திசுவுக்கு ஒரு துண்டு. கிடைத்ததோ, முன்மூளைக்கு ஒன்று, பின்பக்க நரம்புத் தட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பல. கண்ணுக்கு "நரம்பு மண்டலம் முழுவதும் சாக்ஸ்2" என்று ஒரே பரப்பாகத் தெரிவது, பல என்ஹான்சர்கள் ஆளுக்கொரு பகுதியாகத் தைத்த துணி. எந்தத் துண்டு எந்தப் பகுதியை ஆள்கிறது என்று இவ்வளவு நீளத்துக்கு வெட்டி வெட்டிப் பார்க்கும் வேலையைச் சுண்டெலியில் செய்ய வேண்டியிருந்தால் அது எளிதில் முடிந்திருக்காது.

குறைகளும் உண்டு. செலுத்திய பிளாஸ்மிட், அதாவது நம் துண்டைச் சுமக்கும் வட்ட டி.என்.ஏ., பெரும்பாலும் குரோமோசோமில் ஒட்டாமல் தனியாக, பல பிரதிகளாக மிதக்கிறது. இயல்பான டி.என்.ஏ. ஹிஸ்டோன் புரதங்களில் இறுகச் சுற்றப்பட்டிருக்கும். அந்த இறுக்கம் பிளாஸ்மிட்டில் அதே அளவில் இருக்காது. அதனால் பலவீனமான துண்டும் பலமானது போலத் தோன்றலாம். செல்கள் பெருகப் பெருக பிளாஸ்மிட் நீர்த்துப்போகும் என்பதால் மூன்று நாளுக்கு மேல் பின்தொடர்வதும் கடினம். நரம்புக்குழல், சோமைட் (முதுகெலும்பும் தசையும் உருவாகும் கட்டிகள்), கைகால் மொட்டு ஆகியவற்றுக்கு ஊசி எட்டும். சிறுநீரகத்துக்கோ கணையத்துக்கோ எட்டுவது பெரும்பாடு.

பழ ஈயும் சியோனாவும்

முதுகெலும்புள்ள உயிரியின் துண்டைப் பழ ஈயில் சோதிப்பதில் பெரும்பாலும் பயன் இல்லை. ஆனால் உங்கள் கேள்வி ஒரு குறிப்பிட்ட மனிதத் துண்டைப் பற்றியதாக இல்லாமல், என்ஹான்சரின் இலக்கணம் எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றியதாக இருந்தால், ஈக்கு நிகர் எதுவும் இல்லை. கரு ஒரே நாளில் முழுமையடைகிறது. குறித்த இடத்திலேயே துண்டை நுழைக்கும் முறை அங்கே பல காலமாகப் பழக்கத்தில் இருக்கிறது. 2014-ல் வெளியான ஒரே ஆய்வில் 7,000-க்கும் மேற்பட்ட துண்டுகளை ஈயின் கருவில் ஒவ்வொன்றாகச் சோதித்திருந்தார்கள். ஏறக்குறைய பாதி உயிருள்ளவை.

சியோனா பற்றிப் பலருக்குத் தெரியாது. கடலில் பாறையில் ஒட்டி வாழும், முதுகெலும்பிகளுக்கு மிக நெருங்கிய உறவுள்ள உயிரி. அதன் தலைப்பிரட்டை சுமார் 2,600 செல்கள் மட்டுமே கொண்டது, முதுகுநாணில் சரியாக 40 செல்கள். ஒரே மின்துடிப்பில் ஆயிரக்கணக்கான கருக்களுக்குள் டி.என்.ஏ.வைச் செலுத்திவிடலாம். எம்மா ஃபார்லியும் மைக்கேல் லெவினும் 2015-ல் இதில் செய்த வேலையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நரம்பில் மட்டும் இயங்கும் ஒரு சிறிய என்ஹான்சரின் எழுத்துகளைக் குலுக்கி லட்சக்கணக்கான வடிவங்களை உருவாக்கிச் சோதித்தார்கள். காரணிகள் ஒட்டும் இடங்களை இன்னும் நன்றாக ஒட்டும்படி திருத்தினால் இயக்கம் கூடியது, ஆனால் திசுக் கட்டுப்பாடு தொலைந்தது. ஒளி தோன்றக்கூடாத இடங்களில் எல்லாம் தோன்றியது. அதாவது, காரணிகள் கொஞ்சம் தளர்வாக ஒட்டுவதுதான் அந்தத் துண்டை அதன் திசுவுக்குள் நிறுத்தி வைக்கிறது. நோயாளியிடம் காணும் ஓர் எழுத்து மாற்றம் "ஒட்டும் இடத்தைப் பலப்படுத்துகிறது, ஆகவே தீங்கில்லை" என்று கணினி சொன்னால் இனிமேல் அதை ஏற்க வேண்டாம்.

தட்டில் வளரும் செல்கள்

தட்டைக் குறை சொன்னேன். அது பொருந்தாத இடமும் உண்டு. ஆயிரக்கணக்கான துண்டுகளை ஒரே குழாயில், ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாளக் குறியீட்டோடு செல்களுக்குள் செலுத்தி, எந்தக் குறியீடு எத்தனை முறை படியெடுக்கப்பட்டது என்று எண்ணும் முறை இருக்கிறது. இடம் காட்டாது, எண்ணிக்கை மட்டும் காட்டும். முதல் சல்லடையாக அது போதும். ஸ்டெம் செல்லிலிருந்து வளர்க்கும் காஸ்ட்ருலாய்டுகள், அதாவது கருவின் தொடக்கத்தைப் போலத் தாமாகவே முன்பின் அச்சு அமைத்துக்கொள்ளும் செல் திரள்கள், சுண்டெலியில் 2014-லும் மனிதச் செல்களில் 2020-லும் வந்தன. மனிதனுக்கே உரிய துண்டு ஒன்றை மனிதச் செல்களிலேயே பார்க்க வேண்டுமென்றால் இன்று அவைதான் வழி.

இரத்தம் என்றால் கதையே வேறு. பிசிஎல்11ஏ என்ற மரபணு, பிறப்புக்குப் பிறகு கருக்கால ஹீமோகுளோபினை அடக்கி வைக்கிறது. 2013-ல் அதன் என்ஹான்சர் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதை நீக்கினால் சிவப்பணு வழிச் செல்களில் மட்டும் பிசிஎல்11ஏ அடங்கியது. நோய் எதிர்ப்புக்கான பி செல்களில் அது வழக்கம்போல இயங்கியது. மரபணுவையே உடைத்தால் மற்றத் திசுக்களும் பாதிக்கப்படும். என்ஹான்சரை உடைத்தால் ஒரு திசுவோடு நின்றுவிடும். கதிர் அரிவாள் செல் நோய்க்கான கேஸ்ஜெவி சிகிச்சை இந்த எண்ணத்தின்மேல்தான் நிற்கிறது. 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் அதற்கு அனுமதி கிடைத்தது. எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்லிலிருந்து சிவப்பணு வழியைத் தட்டிலேயே வளர்க்க முடியும் என்பதால் இந்தப் பாதையின் பெரும்பகுதியை வளர்ப்புச் செல்களிலேயே கடக்க முடிந்தது.

நிறம் எது என்பதும் ஒரு முடிவுதான்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லாக்-ஸீ நொதி நீல நிறம் தரும், மெல்லிய இயக்கத்தையும் காட்டிவிடும், ஆனால் கருவைக் கொன்ற பிறகே பார்க்க முடியும். பச்சை ஒளிரும் புரதத்தை உயிரோடு பார்க்கலாம். இரண்டுமே உருவான பிறகு மணிக்கணக்கில் செல்லுக்குள் தங்கிவிடும். சோமைட்டுகளை வரிசையாக வெட்டித் தரும் மரபணுக் கடிகாரம் மீனில் 30 நிமிடத்துக்கு ஒருமுறையும் கோழியில் 90 நிமிடத்துக்கு ஒருமுறையும் எரிந்து அணையும். சாதாரண ரிப்போர்ட்டரில் அது எப்போதும் எரிவதாகவே தெரியும். இப்படி வேகமாக மாறும் மரபணு என்றால் ரிப்போர்ட்டரின் ஆர்.என்.ஏ.வையே நேராகத் தேடிப் பாருங்கள், அல்லது விரைவில் சிதையும்படி திருத்திய ஒளிர்புரதத்தைப் பயன்படுத்துங்கள்.

நீக்கிப் பார்ப்பது

இசட்.ஆர்.எஸ். துண்டை 2005-ல் சுண்டெலியிலிருந்து நீக்கியபோது, கைகால்கள் நுனிவரை வளராமல் குறுகி நின்றன. சோனிக் ஹெட்ஜ்ஹாக் வேலை செய்யும் மற்ற உறுப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவு தெளிவான விடை எல்லோருக்கும் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு பலர் இந்தப் பாதையில் இறங்குகிறார்கள். ஆனால் 2018-ல் மார்கோ ஓஸ்டர்வால்டரும் சக ஆய்வாளர்களும் கைகால் வளர்ச்சிக்கான பத்து என்ஹான்சர்களை ஒவ்வொன்றாக நீக்கினார்கள். ஒரு சுண்டெலியிலும் கைகால் வடிவம் கண்ணுக்குத் தெரியும்படி மாறவில்லை. ஒரே மரபணுவுக்குரிய இரண்டு துண்டுகளைச் சேர்த்து நீக்கியபோதுதான் குறை வெளிப்பட்டது. ஒன்றுக்கு இன்னொன்று துணையாக இருப்பது வளர்ச்சியில் சாதாரணமாகவே நடக்கிறது.

"ஒன்றும் ஆகவில்லை" என்ற விடையையும் அவசரப்பட்டு எழுதக்கூடாது. 2007-ல், இனங்களுக்கிடையே ஓர் எழுத்துகூட மாறாமல் காக்கப்பட்டிருந்த நான்கு துண்டுகளை நீக்கிய சுண்டெலிகள் ஆரோக்கியமாக வாழ்ந்து குட்டியும் போட்டன. எல்லோருக்கும் குழப்பம். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு ஏஆர்எக்ஸ் என்ற மரபணுவின் பக்கத்திலிருக்கும் அதே மாதிரித் துண்டுகளை நீக்கி, மூளையை நுண்ணோக்கியில் உன்னிப்பாகப் பார்த்தபோது நுட்பமான மாற்றங்கள் தெரிந்தன. பழ ஈயில் ஷேவன்பேபி மரபணுவின் துணை என்ஹான்சர்களை நீக்கினால் வழக்கமான வெப்பநிலையில் பெரிதாக எதுவும் தெரியாது. கடும் குளிரிலும் கடும் வெப்பத்திலும் வளர்த்தால் கருவின் மேல்தோல் ரோமங்கள் குறைந்துவிடும். எங்கே, எந்த நிலையில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் துண்டின் தேவை தெரிகிறது.

நீக்குவதைவிட எனக்குப் பிடித்த வழி மாற்றி வைப்பது. பாம்பின் இசட்.ஆர்.எஸ். துண்டைச் சுண்டெலியின் துண்டுக்குப் பதிலாக வைத்து 2016-ல் ஒரு சோதனை நடந்தது. சுண்டெலிகள் குட்டையான கைகால்களோடு பிறந்தன. பாம்புகளில் தொலைந்துபோயிருந்த 17 எழுத்துகளைத் திரும்பச் சேர்த்து வைத்தபோது கைகால்கள் முழுதாக வளர்ந்தன. துண்டு அதன் சொந்த இடத்தில், சொந்த மரபணுவுக்கு முன்னால் இருக்கிறது. கேள்வி எழுத்துகளைப் பற்றியது மட்டுமே. நோயாளியின் மாற்றத்தையும் இப்படியே சுண்டெலிக்குள் வைத்துப் பார்க்கலாம்.

நான் என்ன செய்வேன்?

துண்டுகள் ஐம்பது, நூறு என்றால் முதலில் தட்டில் சலித்துவிட்டு, மிஞ்சுவதை மீனுக்குக் கொண்டு போவேன். நரம்புக்குழலோ சோமைட்டோ என்றால் மீனைத் தாண்டி நேரே கோழிக்குப் போவேன். ஒரு வாரத்தில் விடை தெரிந்துவிடும், எலிக்கூடத்தில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. பெருமூளைப் புறணி, நுரையீரல் என்றால் சுண்டெலியைத் தவிர வேறு வழி தேட மாட்டேன்.

ஒரு குடும்பத்தின் நோய்க்குக் காரணமாகச் சந்தேகிக்கப்படும் ஒற்றை எழுத்து என்றால் இரண்டு கட்டமாகச் செய்வேன். முதலில் இரு நிற மீன். அதில் வேறுபாடு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அடுத்தது சுண்டெலியின் ஹெச்11 இடத்தில் இயல்பான துண்டும் மாறிய துண்டும் தனித்தனியாக, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று கருக்கள். நீக்குவதையோ மாற்றி வைப்பதையோ அதற்குப் பிறகு, மிஞ்சிய ஒன்றிரண்டு துண்டுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்வேன். நீக்கும்போது பக்கத்தில் துணை என்ஹான்சர் எது என்று முன்கூட்டியே பார்த்து, இரட்டை நீக்கத்துக்கும் அனுமதி வாங்கி வைப்பேன். பிறகு அதற்காகத் தனியாக விண்ணப்பித்தால் ஓர் ஆண்டு போய்விடும்.

அப்புறம் நாள் கணக்கு. 11.5 நாள் கருவைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டதற்குக் காரணம், அந்த வயதில் பெரும்பாலான உறுப்புகள் தொடங்கியிருக்கும், கரு முழுவதும் சாயம் ஊடுருவும் அளவுக்குச் சிறியதாகவும் இருக்கும். ஆனால் உங்கள் மரபணு 14-வது நாளில்தான் வேலையைத் தொடங்குகிறது என்றால் அந்தக் கரு எந்த நிறமும் இல்லாமல்தான் இருக்கும். ஊசி போடுவதற்கு முன்னாலேயே, அந்த மரபணு எந்த நாளில் உச்சத்தில் இயங்குகிறது என்று பார்த்து, தாய் எலியின் கூண்டுச் சீட்டில் அந்தத் தேதியை எழுதிவிடுங்கள்.